காற்றுக்கு வெட்டிய கான்

தலவாக்கலை பஸ் நிலையத்தில் இறங்கி, இரும்பு கேட் செய்கிற கடை எங்கே என்று கேட்டால் மூன்று கடைகளைக் காட்டுவார்கள். ஒட்டுத் தெரியாமல் செய்கிற கடை எங்கே என்று கேட்டால் ஒரே ஒரு கடையைத்தான் காட்டுவார்கள். அது எங்கள் கடை. நான் இப்படிச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் ஜீவராஜ் தலையைக் குனிந்துகொண்டு வெல்டிங் கம்பியைத் தேடுவார். அவருக்குத் தற்பெருமை பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். வேலை தெரியாதவன் பீற்றிக்கொண்டால் குற்றம். தெரிந்தவள் சொல்லிக்கொண்டால் அதில் என்ன குற்றம்?

கடையில் வெல்டிங் அவருடையது, பினிஷிங் என்னுடையது. இரண்டு குழாய்களை அவர் ஒட்டுவார். ஒட்டிய இடம் மண்புழு படுத்த மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தேய்த்துத் தேய்த்து, அங்கே ஒட்டே இல்லை என்று கை நம்புகிற வரைக்கும் கொண்டுவருவது என் வேலை. அதற்குத்தான் பெல்ட் சேண்டர். விரல் அகலத்தில் ஓர் உரசுபட்டி, இரண்டு உருளைகளில் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கை கொஞ்சம் அழுந்தினால் குழாயில் பள்ளம் விழும். கொஞ்சம் தயங்கினால் ஒட்டு அப்படியே நிற்கும். கையில் வித்தை இருக்க வேண்டும், எனக்கு இருக்கிறது.

அந்த வித்தையை நான் கொழும்பில் படித்தேன். பதினேழு வயதில் போய் ஒன்பது வருடம் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறையில் இருந்தேன். ஹோட்டல் சமையலறை மேசைகள், ஆஸ்பத்திரி வண்டிகள், மாடிப்படிக் கைப்பிடிகள். அங்கே நான் மட்டும்தான் பெண், நான் மட்டும்தான் மலைநாட்டுக்காரி. முதல் நாளே முதலாளி சிங்களத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டார். 'தோட்டத்தில் சுப்பர்வைசர்' என்று சிங்களத்தில் சொன்னேன். அது பொய். என் அப்பா வீரய்யா, தேயிலை மலையில் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வடிவதற்காக மலையைச் சுற்றி வெட்டுகிற வாய்க்காலுக்குத்தான் எங்கள் பக்கத்தில் கான் என்று பெயர். முப்பத்திரண்டு வருடம் மண்வெட்டியோடு மலையில் நின்றவரை ஒரே வார்த்தையில் சுப்பர்வைசராக்கிவிட்டேன். ஒருமுறை சொன்ன பொய்யை ஒன்பது வருடமும் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இனிக் கதைக்கு வருகிறேன். போன ஆனி மாதம், திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். முன்பக்கத்து நாற்பத்திரண்டு படிகளுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கைப்பிடி போட வேண்டுமாம். ஆள் சொன்ன தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் ஜீவராஜ் என்னைப் பார்த்தார். அது நான் பிறந்த தோட்டம்.

அந்த முன்படிகளை எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் நான் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. தொரைமார் முன்படியால் போவார்கள், கொழுந்தும் நாங்களும் பின்கதவால் போவோம், அவ்வளவுதான். அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் கொழுந்து மூட்டையோடு அந்தப் பின்கதவில்தான் நின்றாள். அந்தப் படிக்கு என் கையால் கைப்பிடி போட வேண்டும் என்று அந்த நிமிடமே வெறி பிடித்துவிட்டது. கடைக்கு எத்தனையோ வேலை வரும், போகும். இது வேறு.

தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் டீமேக்கர் செல்லசாமி ஐயா எங்களைப் பின்கதவில் சந்தித்தார். பத்து வருடத்துக்கு முன் ராகலைப் பக்கத்திலிருந்து மாறி வந்தவர் என்பதால் என்னை அவருக்குத் தெரியாது. நாங்கள் போனபோது அவர் வாடப் போட்ட கொழுந்தை ஒரு பிடி அள்ளி, இறுக்கி உருட்டி, உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டை மெதுவாக அவிழ்ந்தால் பதம், பட்டென்று விரிந்தால் இன்னும் வாட வேண்டும். மீட்டர் எல்லாம் சுவரில் இருந்தது. அவர் கையைத்தான் நம்பினார். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"கொழும்புக் கம்பெனி சேம்பள் வந்திருச்சும்மா. தொரைக்கு அதுவே போதும்ங்கிறாரு. நான்தான், பக்கத்துலேயே ஆளு இருக்காங்க, ஒரு சான்ஸ் குடுத்துப் பாப்போம்னு சொன்னேன்" என்றார். "ஒரு எல்போ வளைவு, ரெண்டு பக்கமும் ஒட்டு. பத்து நாள்ல கொண்டாங்க. கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாப்பேன். வெரல்ல தட்டுச்சுன்னா தொரைகிட்ட எடுத்துட்டே போக மாட்டேன்."

"தட்டாதுங்க ஐயா" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு, எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். "நீ எந்தத் தோட்டம்மா? யாரு மக?"

ஜன்னல் வழியே மேல் டிவிஷன் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தெரிந்தன. மூன்றாவது லயத்தின் கடைசி வீட்டுக் கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. அப்பா அடுப்பு மூட்டியிருப்பார். எத்தனை கூப்பிட்டும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று தனியாக இருக்கிறவர்.

"நாங்க டவுனுதாங்க ஐயா" என்றேன்.

கான் வெட்டுகிறவன் மகள் என்று தெரிந்தால், கைப்பிடி போட வந்தவளைப் புல் வெட்டக் கூப்பிட்ட மாதிரிப் பேசுவார்களோ என்று பயம். ஜீவராஜ் வரும் வழியெல்லாம் அந்தக் கூரைப் புகையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

எங்களிடம் அப்போது இருந்தது கிரைண்டரும் கை உரசுதாளும்தான். இரும்பு கேட்டுக்கு அது போதும். ஸ்டெயின்லெஸ் எல்போவின் உள்வளைவுக்குப் போதாது. மறுநாளே ஹட்டனுக்குப் போனோம். அங்கே ஸுஹைர் நானாவின் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. நானா இரண்டு பெல்ட் சேண்டர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கரண்டில் ஓடுவது, குண்டாக, வயரோடு. இன்னொன்று கம்ப்ரசர் காற்றில் ஓடுவது, மெலிந்து, நீண்ட மூக்கோடு.

"தங்கச்சி, நான் ரெண்டையும் விக்கிற ஆளு. எதை எடுத்தாலும் எனக்கு சந்தோசம்தான்" என்றார் நானா. "ஆனா ஒண்டு சொல்லுறன். இந்தக் காத்து மெசின் பாக்கத்தான் சின்னது. காத்தைக் குடிக்கிறதுல யானை. டயருக்குக் காத்தடிக்கிற சின்னக் கம்ப்ரசரெல்லாம் இதுக்குக் காணாது. அதுலயும் நம்மட இந்த ஒசரத்துல காத்தே மெலிசு, கம்ப்ரசர் இன்னும் கூட ஒழைக்கணும்."

ஜீவராஜ் கரண்டு மெஷினைத் தூக்கிப் பார்த்தார். "இதை எடுப்போம் வினோ. பிளக்கைக் குத்தினா வேலை. படியில பொருத்துறப்ப அங்கேயே தூக்கிட்டுப் போகலாம். கம்ப்ரசரை எவன் அந்த மலையில ஏத்துறது?"

"எல்போ உள்பக்கம் இதோட மூக்கு நொழையாதுங்க. பாருங்க, எவ்வளவு தடிப்பு! காத்து மெஷின்ல வேகத்தை நம்ம கையாலயே கூட்டலாம், கொறைக்கலாம். கையும் நோகாது. ஈரத்துல ஷாக்கும் அடிக்காது."

"அது சரி. ஆனா..."

"கொழும்புல எவன் கரண்டு மெஷினை வெச்சு எல்போ தேய்க்கிறான்?"

"இது கொழும்பு இல்லையே வினோ."

"அதாங்க இங்க உள்ள குறையே!"

நானா நடுவில் புகுந்து, கரண்டு மெஷினை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லி, காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார். வைத்துப் பார்த்தேன். உள்வளைவில் மூக்கு முட்டியது. கொஞ்சம் அழுத்தினதும் சூடேறி ஸ்டெயின்லெஸ்ஸில் நீலம் பாய்ந்துவிட்டது. பக்கத்து மர ஆலை ஓடத் தொடங்கினால் கரண்டு இறங்கி மெஷின் முனகியது. இரண்டாம் நாள் வெற்றி விழாக் கொண்டாடாத குறையாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நேர்க் குழாயில் அந்த மெஷின் தங்கமாக ஓடியது. அன்றைக்கு அதை நான் ஜீவராஜிடம் சொல்லவில்லை.

காற்று மெஷினை வாங்கினோம். ராகலையில் டயர் கடையை மூடிய ஒருவரிடம் பெரிய கம்ப்ரசர் ஒன்று கிடைத்தது. ஆறு பேர் பிடித்து லொறியிலிருந்து இறக்கினோம். அதன் சத்தம் தாங்காது என்று கடைக்குப் பின்னால் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி அதற்குள் வைத்தேன். அங்கிருந்து கடைக்குள் வருகிற காற்று ஹோஸைக் கூரை மரத்தில் அங்கங்கே கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். லயத்து வாசலில் துணிக்கொடி கட்டுகிற மாதிரி, நடுவில் இரண்டு இடத்தில் நன்றாகத் தொய்ந்து தொங்கியது. கால் இடறாமல் மேலே கிடக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். எங்கள் பக்கம் எல்லா வயரும் ஹோஸும் அப்படித்தான் தொங்கும்.

முதல் நாள் அந்த மெஷின் என் கையில் பாடியது. உள்வளைவில் மூக்கை நுழைத்து, கட்டைவிரலால் வேகத்தைக் குறைத்து, ஒட்டின் புடைப்பைத் தலைமுடி தலைமுடியாக எடுத்தேன். ஜீவராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் வருது" என்றார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் மன்னித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. இரண்டு மணிக்கெல்லாம் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மெஷினை அழுத்தினால் காற்றோடு தண்ணீரையும் துப்பியது. உலோகத்தூளும் தண்ணீரும் குழைந்து சாம்பல் நிறச் சேறாகிப் பெல்ட்டில் அப்பிக்கொண்டது. பெல்ட் உரசாமல் வழுக்கியது. பிறகு அதன் ஒட்டு விட்டுப்போய்ப் பட்டென்று என் மணிக்கட்டில் அறைந்தது. இன்னொரு பெல்ட் போட்டேன். அதுவும் அறைந்தது. எப்படியோ முடித்து, துடைத்து வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் எல்போ முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஸ்டெயின்லெஸ்ஸில் துரு!

காரணம் பிறகுதான் புரிந்தது. கேட் வேலையில் பறந்த இரும்புத்தூள் எங்கள் கடை முழுக்கக் கிடக்கிறது. ஹோஸ் துப்பிய ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டு துருப்பிடித்திருக்கிறது. அன்றைக்கு அந்த நிதானம் எனக்கு ஏது? ஜீவராஜின் மேல் பாய்ந்தேன்.

"ஒங்க இரும்புத்தூளைக் கொண்டுபோய் வேற எங்கயாவது கொட்டக்கூடாதா? நான் ஒரு பக்கம் தேய்க்கிறேன், நீங்க ஒரு பக்கம் நாசம் பண்றீங்க!"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நானாவுக்குப் போன் பண்ணி அந்தக் கரண்டு மெஷினையே அனுப்பச் சொல்லவா?"

"போன் பண்ணுங்க, பண்ணிட்டு அந்த மெஷினோடயே குடும்பம் நடத்துங்க!"

சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ப்புக்குள் போய், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தோற்றுப்போகிறேனே என்ற அழுகை. கொழும்பில் படித்தவள், கொழும்பில் படித்தவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்துவிட்டு, ஒரு முழ வளைவில் தோற்கிறேன். அந்தப் படிக்கு வேறு யாரோ கைப்பிடி போடப் போகிறார்கள்.

அழுது ஓய்ந்ததும் கடைக்குள் திரும்பி வந்து, ஆத்திரத்தில் ஹோஸை மெஷினிலிருந்து கழற்றி எறிந்தேன். அது தரையில் விழுந்து, ஒரு கோப்பை தண்ணீரை என் காலடியில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். ஹோஸ் எங்கே தொய்ந்து தொங்கியதோ, சரியாக அந்த இரண்டு பள்ளத்திலும் இன்னும் தண்ணீர் களகளவென்று புரண்டது. கம்ப்ரசர் பனிமூட்டத்தை இழுத்து அமுக்குகிறது. அமுங்கின காற்று ஹோஸில் குளிர்கிறது. குளிர்ந்ததும் தண்ணீராகிப் பள்ளத்தில் நிற்கிறது. பள்ளம் நிரம்பினதும் மெஷினுக்குள் பாய்கிறது.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்கள் நினைவுக்கு வந்தன. புதிதாக ஒரு கான் வெட்டி முடித்ததும் அவர் மேலே போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். தண்ணீர் ஓடுகிற பக்கமாகவே கூட நடப்பார். எங்காவது ஒரு சாண் இடத்தில் அது நின்றால், சோற்றைத் தொடமாட்டார். அந்த இடத்தை மறுபடி வெட்டிச் சாய்வு கொடுத்துவிட்டுத்தான் கை கழுவுவார். கான் முடிகிற இடத்தில் ஒரு குழி இருக்கும். சேறும் தண்ணீரும் அதற்குள் இறங்கிவிடும், தெளிந்தது மேலாக வழிந்து போகும்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கொழும்புப் பட்டறையில் சுவரோடு போன காற்றுக் குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தது. பொருத்தினவன் குடித்துவிட்டு வந்திருப்பான் என்று ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! கான் வெட்டுகிறவரின் மகள், கண்ணெதிரே இருந்த கானைக் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவை மறைத்த மறைப்பில் அவரிடம் பார்த்ததையும் சேர்த்து மறந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதே நேரம் சிரிப்பும் வந்தது.

அடுத்த பஸ் பிடித்து லயத்துக்குப் போனேன். அப்பா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே கூரை இடுக்கில் அவருடைய மட்டம் அப்படியே இருந்தது. மூன்று கம்பைக் கூட்டி ஆணியடித்து, நடுவில் நூலில் ஒரு கல் கட்டியது. கானுக்கு எவ்வளவு சாய்வு வேண்டும் என்பதற்குக் குறுக்குக் கம்பில் ஒரு வெட்டுக்கோடு போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"எதுக்குடி அது ஒனக்கு?" என்றார்.

"காத்துக்குக் கான் வெட்டணும்ப்பா."

விறகை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "காத்துக்கா? கொழும்புல இதெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க?"

"அங்க இதைச் சொல்லித் தரலப்பா" என்றேன்.

அப்பா என் கையிலிருந்து அதை வாங்கினார். மழையில் நனையும் என்று மட்டத்தை ஒரு உரப் பையில் சுற்றிக் கொடுத்தார்.

இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. ஜீவராஜை வைத்து இரும்புக் குழாய் பொருத்தினேன். கம்ப்ரசரிலிருந்து நேரே மேலே ஏறி, சுவரோடு அப்பாவின் கோட்டுச் சாய்வில் கீழ்நோக்கிப் போய், கடைசியில் செங்குத்தாக இறங்கும் குழாய். இறங்கிய அடியில் தண்ணீர் திறந்துவிட ஒரு டெப். அதுதான் என் குழி. மெஷினுக்குப் போகிற ஹோஸைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து வளைத்து எடுக்கச் சொன்னேன்.

"அடியிலேர்ந்து எடுத்தா லேசா இருக்குமே" என்றார் ஜீவராஜ்.

"லேசா இருக்கும். தண்ணியும் லேசா வரும். தெளிஞ்சது மேலதாங்க இருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தார், பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த மட்டத்தைப் பார்த்தார். "மாமா பரவாயில்லையே" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து பாராட்டு என்று வந்தால் அவ்வளவுதான் வரும். நானும் விட்டுக்கொடுத்து, இரும்பு வேலைக்கும் ஸ்டெயின்லெஸ் வேலைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு அடித்தேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்டேன்.

பத்தாம் நாளுக்கு முதல் நாள், அப்படி ஒரு மூட்டம். எதிர்க் கடைப் பலகைகூடத் தெரியவில்லை. டெப்பைத் திறந்தேன். சர்ரென்று தண்ணீர் பீய்ச்சி ஓய்ந்தது. பிறகு மெஷினை அழுத்தி, உள்ளங்கையைக் காற்றுக்கு நேரே பிடித்தேன். காய்ந்த காற்று! புதுப் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்ரசர் மூச்சு வாங்குகிறபோது நானும் நிறுத்திப் பிளேன் டீ குடித்தேன். அது தயாரானதும் நானும் தயாரானேன். மாலைக்குள் எல்போ முடிந்தது. மறுநாள் காலையில் ஒரு புள்ளி இல்லை.

ஸ்டோர் பின்கதவில் செல்லசாமி ஐயா கையைக் கழுவி, துடைத்து, எல்போவை வாங்கினார். சொன்ன மாதிரியே கண்ணை மூடினார். ஒரு தரம் மேலே போனார், ஒரு தரம் கீழே வந்தார். உள்வளைவில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே போனார். உள்ளே கொழுந்து அரைக்கிற ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன; நான் அவர் கட்டைவிரலையே பார்த்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் கோபமாக இருந்தது.

"ஏம்மா, ஒத்தக் குழாயை வளைச்சுக் கொண்டாந்து என்னையே ஏமாத்துறீங்களா? ஒட்டுப் போட்டுல்ல கொண்டாரச் சொன்னேன்!"

வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு அழகாகத் திட்டியதில்லை. ஜீவராஜ் போன் டோர்ச்சை எரியவிட்டுக் குழாய்க்குள் காட்டினார். உள்ளே இரண்டு வெல்டிங் வளையங்களும் அப்படியே தெரிந்தன. ஐயா ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபடி வெளியே தடவினார், மறுபடி உள்ளே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அலமாரியிலிருந்து கொழும்புச் சேம்பளை எடுத்து, உள்வளைவில் விரலை வைத்ததும் கீழே வைத்துவிட்டார்.

"எந்த மெஷின்லம்மா செஞ்சே?"

"காத்து மெஷினுங்க ஐயா."

"இந்த மழைக்கா? எங்க ஸ்டோர்லயே காத்து லைன்ல தண்ணி வந்து உசிரை வாங்குது. அதுக்கு என்னா வழின்னு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

கொழும்பு என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குப் பழகின பதில்தான். அதற்குப் பதிலாக ரோலர் சத்தத்துக்கும் மேலே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"நான் மேல் டிவிஷன் கான்வெட்டு வீரய்யா மகளுங்க ஐயா."

கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா எல்போவைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "போன பெருமழையில அந்தப் பக்கத்து மலை, இந்தப் பக்கத்து மலை ரெண்டும் சரிஞ்சுது. ஸ்டோருக்கு மேல உள்ள மலை மட்டும் அசையல. மலை வேலையைப் பாக்கிற கண்டாக்கையாகிட்ட கேட்டேன், வீரய்யா வெட்டின கான்னாரு. அந்த மனுசன் மகளா நீ?" கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்கு டவுனுன்னு சொன்னியே?"

"அன்னைக்குப் பொய் சொன்னேங்க ஐயா."

"இனிமே சொல்லாத. வா, தொரையைப் பாப்போம்."

பழக்க தோஷத்தில் நான் உள்பக்கமாக நடக்கப் போனேன். அவர் என்னை நிறுத்தி, ஸ்டோரைச் சுற்றிக் கூட்டிப்போய், முன்படியால் ஏற்றிக் கொண்டுபோனார்.

வேலை எங்களுக்குக் கிடைத்தது. படியில் நேர்க் குழாய்களைப் பொருத்துகிற நாள் வந்ததும் ஸுஹைர் நானாவிடம் போய் அந்தக் கரண்டு மெஷினையும் வாங்கினேன். கம்ப்ரசரை எவன் அந்த மலையில் ஏற்றுவது? "நான் அண்டைக்கே நெனச்சன் தங்கச்சி, ரெண்டும் ஒங்கட வீட்டுக்குத்தான் வரும்" என்று நானா சிரித்தார். வளைவெல்லாம் கடையில் காற்று மெஷினால், நேர் ஒட்டெல்லாம் படியில் கரண்டு மெஷினால். ஜீவராஜ் சொன்னது பாதி சரி என்று அவரிடமே ஒப்புக்கொண்டேன். பாதிதான்.

ஆவணி முதல் வாரத்தில் வேலை முடிந்தது. அன்றைக்கு அப்பாவை லயத்திலிருந்து கூட்டிவந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பைக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் படிக்குக் கீழே நின்றுவிட்டார். "பின்பக்கத்தால போவோமேடி" என்றார். "பிடிச்சுக்கிட்டு ஏறுங்கப்பா" என்றேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கையைக் கைப்பிடியில் வைத்தார், அதை வழுக்கவிட்டபடியே மெதுவாக ஏறினார். இருபத்தோராவது படியில் கைப்பிடி வளைகிறது. அங்கே நின்று, புதுக் கானுக்கு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறவர் போல, வளைவில் மேலும் கீழுமாகக் கையை ஓட்டினார். குனிந்து உள்பக்கமும் தடவினார்.

"ஒட்டு எங்கடி?" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் மறுபடியும் தேட ஆரம்பித்தார்.